துருக்கிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் கதவு திறக்குமா?

துருக்கி முஸ்லிம் நாடு, அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சேர்க்கவில்லை என்று நம்மவர்கள் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு இந்தப் பதில் போதவில்லை. அந்த மனத்தடை ஐரோப்பாவில் இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் முஸ்லிம்கள் அதிகம் வாழும் அல்பேனியாவுடன் 2022 இல் அங்கத்துவப் பேச்சுவார்த்தை ஆரம்பமானது. பொஸ்னியாவுடன் பேச 2024 மார்ச்சில் ஒன்றியத் தலைவர்கள் இணங்கினார்கள். ஆகவே வேறு காரணங்களையும் தேட வேண்டியிருக்கிறது.

1963 இல் அங்காரா உடன்படிக்கை. 1987 இல் விண்ணப்பம். 1999 இல் வேட்பாளர் தகுதி. 2005 ஒக்டோபர் 3 இல் பேச்சுவார்த்தை தொடங்கியது. அதே நாளில் தொடங்கிய குரோஷியா 2013 இல் உள்ளே போய்விட்டது. துருக்கிக்கோ 35 அத்தியாயங்களில் 16 மட்டுமே திறக்கப்பட்டன. அவற்றிலும் தற்காலிகமாகவேனும் முடிக்கப்பட்டது விஞ்ஞானமும் ஆராய்ச்சியும் என்ற ஒன்றுதான்.

பெரிய முட்டுக்கட்டை சைப்ரஸ். தீவை ஒன்றிணைக்கும் ஐ.நா. திட்டத்தை 2004 ஏப்ரலில் துருக்கிய சைப்ரஸ் மக்கள் ஏற்றார்கள், கிரேக்க சைப்ரஸ் மக்கள் நிராகரித்தார்கள். ஒரு வாரத்தில் நிராகரித்தவர்களின் அரசு ஒன்றிய அங்கத்தவராகியது. ஒவ்வொரு படிக்கும் ஏகமனதான சம்மதம் தேவை என்பதால், அன்றிலிருந்து சைப்ரஸின் கையிலும் ஒரு சாவி இருக்கிறது. இது அநீதி என்றே நான் கருதுகிறேன். சைப்ரஸ் கப்பல்களுக்குத் துருக்கி துறைமுகங்களைத் திறக்க மறுத்ததால் 2006 இல் எட்டு அத்தியாயங்கள் முடக்கப்பட்டன.

எனினும் அங்காரா மீதும் குறை உண்டு. மரண தண்டனையை ஒழித்து, சட்டங்களைத் திருத்தி வேகமாக முன்னேறிய நாடு அது. 2016 சதிப்புரட்சி முயற்சிக்குப் பின்னர் ஆயிரக்கணக்கான நீதிபதிகளும் ஆசிரியர்களும் பதவி நீக்கப்பட்டனர். ஒஸ்மான் கவாலாவை விடுவிக்குமாறு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தும் அவர் விடுவிக்கப்படவில்லை. பேச்சுவார்த்தை நின்றுபோய்விட்டது என்று 2018 ஜூனில் ஒன்றியம் அறிவித்தது. சைப்ரஸ் நாளையே தீர்ந்தாலும் நீதித்துறைக் கேள்வி அப்படியே நிற்கும்.

அங்கத்துவம் பற்றிய ஆரவாரத்தில் பலர் கவனிக்காதது 1996 முதல் நடைமுறையிலுள்ள சுங்க ஒன்றியம். கைத்தொழில் பொருட்களுக்கு வெளிநாடுகளிடம் ஐரோப்பா அறவிடும் தீர்வையையே துருக்கியும் அறவிட வேண்டும். ஐரோப்பா மூன்றாம் நாடொன்றுடன் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் செய்தால், அந்நாட்டுப் பொருட்கள் ஐரோப்பா வழியாகத் தீர்வையின்றித் துருக்கிக்குள் வரலாம். துருக்கியின் பொருட்களுக்கு அந்நாட்டில் அதே சலுகை தானாகக் கிடைக்காது. ஒப்பந்தம் பேசும் மேசையில் துருக்கிக்கு ஆசனமும் இல்லை. விவசாயப் பொருட்களில் பெரும்பகுதி இதற்குள் அடங்குவதுமில்லை.

இதைப் புதுப்பிக்க ஐரோப்பிய ஆணைக்குழு 2016 டிசம்பரில் முன்மொழிந்தது. முழு அங்கத்துவம் எனது ஓய்வூதிய வயதுக்குள் நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இந்தத் திருத்தமும் துருக்கியருக்கான விசா தளர்வும் எட்டக்கூடியவை. விசாவுக்கு ஒன்றியம் விதித்த 72 நிபந்தனைகளில் எஞ்சியிருப்பவை சிலவே. பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்துவது அவற்றில் ஒன்று. அதை அங்காராவே செய்ய வேண்டும்.