டர்போ சரக்குந்தின் காற்றுவழிப் படிவு

டர்போ சரக்குந்தின் காற்றுவழிப் படிவு என்பது, டர்போசார்ஜர் பொருத்தப்பட்ட டீசல் லாரிகளில் உந்துபொறிக்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழாய்களிலும் உறுப்புகளிலும் தூசி, எண்ணெய், கரி ஆகியவை சேர்ந்து படிவதாகும். தூசியும் எண்ணெயும் வெவ்வேறு பழுதுகளின் அடையாளங்களாகும். படிவு எவ்விடத்தில் காணப்படுகிறது என்பதைக் கொண்டே அதன் காரணம் கண்டறியப்படுகிறது.

சூழல்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி, வீரசோழன் வட்டாரம் மழையை நம்பியுள்ள வறண்ட நிலப்பகுதியாகும். கோடையில் மண் தடங்களில் நுண்தூசி மிகுதியாக எழுகிறது. பந்தல்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படுகிறது. சீமைக்கருவேல விறகும் அதிலிருந்து சுடப்படும் கரியும் லாரிகளில் ஏற்றிச் செல்லப்படுகின்றன. இத்தகைய சுமைகளை ஏற்றும் வண்டிகளின் காற்று வடிகட்டி, நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிகளினுடையதை விட விரைவாக அடைபடுகிறது.

காற்று செல்லும் வழி

டர்போசார்ஜருக்கான காப்புரிமையை சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பியூக்கி 1905 ஆம் ஆண்டில் பெற்றார். வெளியேறும் புகை ஒரு சுழலியைச் சுழற்றுகிறது. அதே தண்டில் உள்ள அமுக்கிச் சக்கரம் காற்றை அழுத்தி உட்செலுத்துகிறது. இத்தண்டு உந்துபொறி எண்ணெயின் மெல்லிய படலத்தில் மிதந்து சுழல்கிறது. காற்று வடிகட்டி, அமுக்கி, இன்டர்கூலர், உள்ளிழு பன்வாய்க்குழாய் என்ற வரிசையில் காற்று செல்கிறது.

காரணங்கள்

* வடிகட்டியின் கிழிசல், சரியாகப் பொருந்தாத ரப்பர் விளிம்பு, தளர்ந்த கிளாம்ப், வெடித்த ஹோஸ் ஆகியவற்றின் வழியே வடிகட்டப்படாத காற்று நுழைதல்.
* வடிகட்டி அடைபடுவதால் உறிஞ்சல் மிகுந்து, டர்போவின் அமுக்கிப் பக்க முத்திரை வழியே எண்ணெய் இழுக்கப்படுதல்.
* டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் அடைபடுதல், தாங்கி தேய்தல்.
* பிஸ்டன் வளையங்கள் தேய்வதால் கிராங்க் அறையில் அழுத்தம் மிகுதல். அறையின் மூச்சுக்குழாய் காற்றுவழியுடன் இணைக்கப்பட்டிருந்தால் எண்ணெய் ஆவி நேரே உட்செல்லும்.

இவை ஒன்றையொன்று வளர்க்கின்றன. உள்ளே நுழையும் தூசி வளையங்களைத் தேய்க்கிறது. தேய்ந்த வளையங்களால் எண்ணெய் ஆவி கூடுகிறது. எண்ணெய் பட்ட பரப்பில் தூசி மேலும் ஒட்டுகிறது.

அறிகுறிகள்

ஏற்றத்தில் இழுவை குறைதல், கரும்புகை, டீசல் செலவு கூடுதல், டர்போவிலிருந்து புதிய சீழ்க்கை ஒலி ஆகியவை காணப்படும். எண்ணெய் எரிந்தால் புகை நீலநிறமாக இருக்கும்.

கண்டறிதல்

முதலில் வடிகட்டிக் கூட்டில் உள்ள அடைப்புக் காட்டி பார்க்கப்படுகிறது. பல டீசல் உந்துபொறிகளில் உறிஞ்சல் எதிர்ப்பின் உச்சவரம்பு ஏறத்தாழ 635 மில்லிமீட்டர் நீர் உயரம் ஆகும். பின்னர் உந்துபொறியை நிறுத்தி, ஆறிய பிறகு குழாய்களைக் கழற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கலாம்.

* வடிகட்டிக்குப் பின் உலர்ந்த தூசி இருந்தால்: வடிகட்டியோ இணைப்போ கசிகிறது. இது மிகக் கடுமையான அடையாளமாகும்.
* அமுக்கிக்கு முன்னரே எண்ணெய் இருந்தால்: பெரும்பாலும் மூச்சுக்குழாயே காரணம்.
* அமுக்கிக்குப் பின் மட்டும் எண்ணெய் இருந்தால்: டர்போவின் முத்திரை, திரும்பு குழாய், வடிகட்டி அடைப்பு ஆகியவற்றை ஆராய வேண்டும்.
* மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால்: அது இயல்பானதே. இன்டர்கூலரில் எண்ணெய் தேங்கியிருப்பது இயல்பன்று.

தண்டில் சிறிதளவு பக்க அசைவு இருப்பது இயல்பு. சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசியிருந்தால் டர்போ பழுதடைந்துள்ளது. உந்துபொறி எண்ணெயை ஆய்வகத்தில் சோதிக்கும்போது சிலிக்கான் அளவு உயர்ந்திருந்தால், தூசி உட்புகுவதாகக் கொள்ளலாம்.

ஆபத்து

இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெய் பெருமளவில் உறிஞ்சப்பட்டால், உந்துபொறி அதனையே எரிபொருளாகக் கொண்டு கட்டுப்பாடின்றி வேகமெடுக்கலாம். அப்போது சாவியை அணைத்தாலும் அது நிற்காது. காற்றை அடைத்தால் நிற்கும். எனினும் குழாயின் வாயைக் கையால் மூடுவது உயிருக்கே ஆபத்தாகும்.

பராமரிப்பு

வடிகட்டியைத் தட்டியும் உயர் அழுத்தக் காற்றால் ஊதியும் மீண்டும் பயன்படுத்துவது வழக்கத்தில் உள்ளது. இதனால் தாளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழக்கூடும். காரணத்தைக் கண்டறியாமல் டர்போவை மட்டும் மாற்றினால் புதிய டர்போவும் அதே வழியில் பழுதடையும். மாற்றும்போது இன்டர்கூலரையும் குழாய்களையும் கழுவி உலர்த்துதல் இன்றியமையாதது. சுமையுடன் ஓடி வந்த உந்துபொறியைச் சில நிமிடங்கள் வெறுமனே ஓடவிட்டு நிறுத்தினால், தாங்கியில் எண்ணெய் கரியாவது குறையும்.