ஓர் அடி எவ்வளவு தூரம்? கர்சர் கட்டளைகளின் வரலாறு

பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் 1969-இல் யுனிக்ஸுக்காக எழுதிய 'எட்' எடிட்டரில் கர்சர் என்ற ஒன்றே கிடையாது. இருக்க வழியும் இல்லை. அன்று கணினியோடு பேச உதவிய கருவி டெலிடைப்; அது பதிலைத் தாளில் அச்சடித்துக்கொண்டே போகும். அச்சான எழுத்துக்குத் திரும்பிப் போய் அதைத் திருத்த முடியாது. ஆகவே 'எட்' வரி எண்ணைக் கேட்டது. 12 என்று அடித்தால் பன்னிரண்டாம் வரி நடப்பு வரியாகும். அதில் ஒரு சொல்லை மாற்ற, எஸ் கட்டளைக்குப் பின் பழைய சொல்லையும் புதிய சொல்லையும் சாய்கோடுகளுக்கிடையே எழுதிக் கொடுக்க வேண்டும். நகர்வின் மிகச் சிறிய அலகு ஒரு வரி.

அந்த அலகு எப்படியெல்லாம் மாறியது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், இன்றைய எடிட்டர்களில் நாம் அழுத்தும் விசைகள் பல ஏன் அந்தந்த இடத்தில் இருக்கின்றன என்பது விளங்கும்.

நான்கு எழுத்துகள்

லண்டன் குயீன் மேரி கல்லூரியின் ஜார்ஜ் கூலூரிஸ், 'எட்'டின் கரடுமுரடைக் குறைத்துத் திரை டெர்மினல்களுக்காக 'எம்' என்ற எடிட்டரை உருவாக்கினார். சாதாரண மனிதர்களுக்கான எடிட்டர் என்பது அந்தப் பெயரில் பொதிந்திருந்த கேலி. 1976 கோடையில் அவர் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, அங்கு மாணவராக இருந்த பில் ஜாய் அதைப் பார்த்தார். ஜாயும் சக் ஹேலியும் அதன் நிரலிலிருந்து தொடங்கி 'எக்ஸ்' எடிட்டரை எழுதினர். அதன் திரைவடிவமே 'விஐ'. 1979-இல் வெளிவந்த இரண்டாம் பெர்க்லி யுனிக்ஸ் தொகுப்பில் அது தன் சொந்தப் பெயரோடு இடம்பெற்றது.

விஐ-யில் எச் இடப்பக்கம், ஜே கீழே, கே மேலே, எல் வலப்பக்கம். ஜாய் பயன்படுத்திய டெர்மினல் லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ. அதில் அம்புக்குறிக்கெனத் தனி விசைகள் இல்லை. இதே நான்கு எழுத்து விசைகளின் மேல்தான் அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் கர்சர் நகரும்.

அந்த நான்கையும் ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு, எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணை பெருமளவு விடை தருகிறது. கன்ட்ரோல் விசை எழுத்தின் எண்ணிலிருந்து 64-ஐக் கழிக்கும். எச் 72, கழித்தால் 8, அதாவது ஓர் எழுத்து பின்னே போகச் சொல்லும் பேக்ஸ்பேஸ் குறி. ஜே 74, கழித்தால் 10, அடுத்த வரிக்கு இறங்கச் சொல்லும் லைன் ஃபீட். இடமும் கீழும் இப்படி டெலிடைப் காலத்திலேயே முடிவாகிவிட்டன. பக்கத்திலிருந்த கே-யையும் எல்-லையும் ஏடிஎம்-3ஏ மேலுக்கும் வலத்துக்கும் எடுத்துக்கொண்டது. இன்றும் விஐ-யின் வழிவந்த விம் எடிட்டரின் சாதாரண நிலையில் கன்ட்ரோல்-எச் கர்சரை இடப்பக்கமும் கன்ட்ரோல்-ஜே கீழேயும் நகர்த்துகின்றன.

மெதுவான கம்பி

ஜாய் வீட்டிலிருந்து வேலை செய்தது 300 பாட் மோடம் வழியாக. அது நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளைக் கடத்தும். 80 எழுத்து, 24 வரி கொண்ட திரையில் 1,920 கட்டங்கள். முழுத் திரையையும் நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இதனால்தான் விஐ இணைப்பின் வேகத்தைப் பார்த்துச் சன்னலின் அளவைத் தீர்மானித்தது: மெதுவான இணைப்பில் 8 வரி, 1,200 பாட்டில் 16 வரி, அதற்கு மேல் முழுத் திரை.

இத்தகைய இணைப்பில் நாற்பது எழுத்தைக் கடக்க நாற்பது முறை எல்-லை அழுத்துவது வேலைக்கு ஆகாது. டபிள்யூ அடுத்த சொல்லின் தொடக்கத்துக்குப் போகும்; வலது பிறைக்குறி அடுத்த வாக்கியத்துக்கு; வலது நெளிவு அடைப்புக்குறி அடுத்த பத்திக்கு. முன்னால் 3 சேர்த்தால் மூன்று சொல். நகர்வுக்கு முன் டி வந்தால், கடக்கும் தூரம் அத்தனையும் அழியும். திரையின் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்த நகர்வு, இப்போது உரையின் உறுப்புகளை எண்ணத் தொடங்கியது.

இதே எண்ணம் எம்ஐடி-யிலும் உருவானது. ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல், டேவிட் மூன் ஆகியோரின் கைவண்ணத்தில் 1976-இல் வந்த ஈமாக்ஸ், விசையின் இடத்தை விட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டது. ஃபார்வர்ட், பேக்வர்ட், நெக்ஸ்ட், ப்ரீவியஸ் ஆகியவற்றின் முதலெழுத்துகள்தான் கட்டளைகள். கன்ட்ரோல்-எஃப் ஓர் எழுத்து முன்னே. கன்ட்ரோல் போன்ற மெட்டா விசையோடு எஃப், ஒரு சொல் முன்னே. கன்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கம். மெட்டா-ஏ வாக்கியத்தின் தொடக்கம். மேக் கணினியின் உரைப்பெட்டிகளிலும் லினக்ஸின் பாஷ் கட்டளை வரியிலும் கன்ட்ரோல்-ஏ இன்றும் வேலை செய்கிறது.

வைரமும் சுட்டியும்

1978-இல் மைக்ரோப்ரோ நிறுவனத்துக்காக ராப் பார்னபி எழுதிய வேர்ட்ஸ்டார் சொற்செயலி மூன்றாவது வழியில் சென்றது. கன்ட்ரோலோடு ஈ மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடம், டி வலம்: விசைகளின் இடமே திசையைக் காட்டும் வைர வடிவம். அதன் வெளி விளிம்பில் ஏ-யும் எஃப்-உம் ஒரு சொல் தாண்டும். ஆர்-உம் சி-யும் திரையளவு தாண்டும். மையத்திலிருந்து விலக விலக அடி நீளும். கன்ட்ரோல் விசை ஏ-க்கு இடப்பக்கம் இருந்தவரை சுண்டுவிரலுக்குச் சிரமமில்லை. 1983-இல் வந்த நிரலாக்க மென்பொருளான டர்போ பாஸ்கலும் இந்த விசைகளையே பின்பற்றியது. பின்னர் ஐபிஎம்-மின் 101 விசைப் பலகை அந்த இடத்தைக் கேப்ஸ் லாக்குக்குக் கொடுத்துக் கன்ட்ரோலை மூலைக்குத் தள்ளியது. தனி அம்பு விசைகள் தலைகீழ் டி வடிவில் நிலைபெற்றதும் அந்தத் தலைமுறைப் பலகைகளில்தான்.

இதற்கிடையே அடி வைப்பதே தேவையா என்ற கேள்வியும் எழுந்தது. ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் கார்ட், வில்லியம் இங்கிலிஷ், பெட்டி பர் ஆகியோர் சுட்டி, ஜாய்ஸ்டிக், அம்பு விசைகள், சொல்-பத்தி விசைகள் ஆகியவற்றைச் சோதித்து 1978-இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் ஒரு சொல்லைத் தேர்வு செய்யச் சுட்டியே வேகமானது என்று கண்டனர். 1984-இல் ஆப்பிள் வெளியிட்ட முதல் மெக்கின்டாஷின் விசைப்பலகையில் அம்பு விசைகளே இல்லை. சுட்டியே போதும் என்ற அந்த உறுதி நீடிக்கவில்லை. 1986-இல் வந்த மெக்கின்டாஷ் பிளஸின் பலகையில் அவை இருந்தன. ஏற்கெனவே விசைகளின் மேல் கை இருக்கும்போது, பக்கத்து எழுத்துக்குப் போகச் சுட்டியைத் தேடுவது வீண்வேலை.

எழுத்து எது?

ஆஸ்கி உலகில் ஓர் எழுத்து ஒரு பைட். திரையில் ஒரு கட்டம். யூனிகோடில் இந்தக் கணக்கு செல்லாது. 'நி' என்பது கணினிக்கு 'ந' என்ற குறியும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீட்டு எண்கள். வாசகருக்கு ஒரே எழுத்து. உரையை எப்படிப் பிரிப்பது என்று விளக்கும் யூனிகோடின் 29-ஆம் இணைப்பு, வாசகர் ஒன்றாகக் கருதும் எழுத்துத் தொகுதிக்கு எடுத்துக்காட்டாகத் தருபவற்றுள் இந்தத் தமிழ் 'நி'யும் ஒன்று. அதைப் பின்பற்றும் எடிட்டர்களில் அம்பு விசையை ஒருமுறை அழுத்தினால் கர்சர் 'நி' முழுவதையும் தாண்டும். ஆனால் அவற்றில் பலவற்றிலும் பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினால் இகரக் குறி மட்டும் போய் 'ந' மிஞ்சும். தட்டச்சில் கடைசியாகச் சேர்த்த குறியை மட்டும் திருத்த இது வசதி என்பதால் அப்படியே வைத்திருக்கிறார்கள். முன்னே போகும் அடிக்கு ஓர் அளவு, அழித்துக்கொண்டு பின்னே வரும் அடிக்கு வேறோர் அளவு.