கே-19: எதிரியைக் கொல்லாத கப்பல்

போர்க்கப்பல்களின் வரலாற்றைப் புரட்டும்போது அவை மூழ்கடித்த எதிரிக் கலங்களையே நாம் முதலில் எண்ணுகிறோம். சோவியத் ஒன்றியத்தின் கே-19 நீர்மூழ்கியின் கணக்கேடு வேறு விதமானது. அணு ஆற்றலால் இயங்கி, அணு ஏவுகணை தாங்கிய முதல் சோவியத் நீர்மூழ்கி இதுவே. பகைவர் மீது அது ஓர் ஏவுகணையும் ஏவியதில்லை. அதனால் மாண்டவர் அனைவரும் அந்நாட்டவரே.

அமெரிக்காவுடனான போட்டியில் பின்தங்கிவிடக் கூடாதென்ற அவசரத்தில், 1958 அக்டோபரில் செவெரோத்வின்ஸ்க் தளத்தில் கட்டுமானம் தொடங்கியது. மறு ஏப்ரலிலேயே கலம் நீரில் இறக்கப்பட்டது. அணு உலைக்கு மாற்றுக் குளிர்விப்பு அமைப்பு ஒன்று பொருத்தப்படவில்லை. அவ்வொரு குறையின் விலை 1961 ஜூலை 4 அன்று கேட்கப்பட்டது.

அன்று வட அட்லாண்டிக் கடலில், 139 பேருடன் சென்றுகொண்டிருந்த கப்பலின் ஓர் உலையில் குளிர்விக்கும் நீர் கசிந்து அழுத்தம் சரிந்தது. தொலைதூர வானொலியும் பழுதாகிக் கிடந்தது. உலையை நிறுத்தியும் வெப்பம் ஏறிக்கொண்டே போயிற்று. தலைவர் நிக்கலாய் சத்தேயெவ், புதிய குழாய் ஒன்றைப் பற்றவைத்து நீர் பாய்ச்ச ஆணையிட்டார். கதிர்வீச்சைத் தடுக்கும் ஆடை கப்பலில் இல்லை. சாதாரணப் பாதுகாப்பு உடையோடு மாலுமிகள் முறைவைத்து உலையறைக்குள் நுழைந்தனர். குழாய் வேலை செய்தது. உள்ளே சென்ற எட்டுப் பேர் மூன்று வாரங்களுக்குள் இறந்தனர். அவர்களுள் லெப்டினென்ட் போரிஸ் கோர்ச்சிலோவ் ஜூலை 10 அன்றே உயிர் நீத்தார்.

கிளர்ச்சி எழுமோ என அஞ்சிய சத்தேயெவ், நம்பிக்கைக்குரிய சில அதிகாரிகளின் கைத்துப்பாக்கிகள் தவிர மற்ற சிறு ஆயுதங்களைக் கடலில் எறியச் செய்தார். பிறகு எஸ்-270 என்னும் டீசல் நீர்மூழ்கி வந்து மாலுமிகளை மீட்கத் தொடங்கியது.

இத்துடன் இக்கலத்தின் கதை முடிந்திருக்கும் என்றே நாம் நினைப்போம். மாறாக, பழுதுபார்க்கப்பட்டு அது மீண்டும் கடலுக்கு அனுப்பப்பட்டது. மாலுமிகள் அதற்கு 'ஹிரோஷிமா' என்று பெயரிட்டனர். 1969 நவம்பரில் பேரண்ட்ஸ் கடலுக்கடியில் அமெரிக்காவின் காட்டோ நீர்மூழ்கியோடு மோதியது, இரண்டும் தப்பின. 1972 பிப்ரவரி 24 அன்று கசிந்த எண்ணெய் தீப்பற்றியதில் 28 பேர் மாண்டனர். பின்புற அறையில் சிக்கிய பன்னிருவர் மூன்று வாரங்களுக்கும் மேலாக இருளில் உயிர் காத்தனர். அதன் பின்னும் அக்கலம் 1990 வரை பணியில் நீடித்தது.

இவை அனைத்தினும் நம்மை உறுத்துவது ஒன்றுண்டு. 1961இல் உயிர் பிழைத்தவர்களுக்கு, நடந்ததை வெளியே சொல்லக் கூடாதென்று வாய்ப்பூட்டுப் போடப்பட்டது. இறந்தவர்களின் தியாகத்தை நாட்டு மக்கள் அறிய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. சத்தேயெவ் 1998இல் மறைந்தார். 2006இல் மிகயில் கொர்பச்சேவ், அந்த மாலுமிகளுக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்க வேண்டுமென முன்மொழிந்தார், பரிசு கிடைக்கவில்லை.

கப்பலின் பெயரை உலகம் அறியும். உலையறைக்குள் சென்ற எண்மரின் பெயர்களை எத்தனை பேர் அறிவோம்? கலங்களின் வரலாற்றை எழுதும்போது, அவற்றைத் தாங்கிய மனிதர்களையும் நாம் எழுதியாக வேண்டும்.