புஷ் வண்டி ஓடிய ஊர்

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுத் தபால் அட்டைகளைப் புரட்டினால் புஷ் வண்டி கண்ணில் படாமல் போகாது. மடக்குக் கூரை போட்ட சின்ன இருக்கை. அதில் உட்கார்ந்திருக்கும் துரை, முன்னால் நீளும் கைப்பிடியைப் பிடித்துச் சக்கரத்தைத் திருப்புவார். பின்னால் நம்மாள் தள்ளிக்கொண்டே ஓடுவார். 'அந்தக் காலத்தில் காரே கிடையாது, ஊர் எவ்வளவு சுத்தம்!' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு முதலில் அந்த ஆளின் மூச்சிரைப்புதான் நினைவுக்கு வரும்.

ஆனால் காருக்காகப் போட்ட ஊர் இல்லை இது. 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது வரைந்த நெடுக்குக் குறுக்குத் தெருக்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ளினார்கள். 1765இல் பிரெஞ்சு ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் வந்து மறுபடி கட்டியபோதும் தெருக்கள் அதே போக்கில்தான் எழுந்தன. ஊரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைகளுக்குள் எங்கிருந்து எங்கே போனாலும் நடந்தே போய்விடலாம். 1879இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தது. அதுவும் தெற்கு புல்வார் ஓரத்தோடு நின்றுகொண்டது.

தள்ள ஆள் வேண்டாத வண்டியாக வந்தது சைக்கிள். மில் தொழிலாளியின் வண்டி. என் அப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். கேரியரில் தூக்குவாளி, பேண்ட்டின் வலது காலில் கிளிப், ஹாண்டில்பாரில் சுற்றிய துண்டு. ஷிப்ட் விட்டால் முதலியார்பேட்டை ரோட்டை சைக்கிள்காரர்கள் அடைத்துக்கொண்டு வருவார்கள். பஸ் டிரைவர் ஹாரனை அடித்து அலுத்துப்போய் பின்னாலேயே ஊர்ந்து வருவார். இந்த ஊர்த் தெரு யாருக்குச் சொந்தம் என்பதை நான் அப்போது பார்த்தது போல் பிறகு பார்க்கவில்லை. மில்கள் மூடின, சைக்கிள் கூட்டமும் கலைந்தது.

இப்போது சனி, ஞாயிறு என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கார்கள் வந்து இறங்குகின்றன. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நுழைய முடியாத கார் தூமா வீதியிலும் சுய்ஃப்ரென் வீதியிலும் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சுற்றுலா வந்தவர் நடைபாதையில் கைவீசி உலாத்துகிறார். உள்தெருக்காரர் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாமல் கத்துகிறார்.

விடுமுறை நாட்களில், பிரெஞ்சுப் பகுதியைப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெளியூர்க் கார் எதையுமே விடக்கூடாது என்பது என் கட்சி. புல்வாரில் இறக்கிவிட்டால் போதும், அங்கிருந்து கடல் எவ்வளவு தூரம்? முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி விடலாம். ஆனால் அதை ஓட்டுகிறவருக்கு நகராட்சி மாதச் சம்பளம் கொடுக்கட்டும். சவாரிக்கு ஆள் தேடி அவரை வெயிலில் நிற்க வைக்க வேண்டாம்.