ஆம்ஸ்டர்டாம் கணித, கணினியியல் மையத்தின் முன்னாள் ஆய்வாளர்கள்

ஆம்ஸ்டர்டாம் கணித, கணினியியல் மையத்தின் முன்னாள் ஆய்வாளர்கள் என்னும் இக்கட்டுரை, நெதர்லாந்தின் தேசியக் கணித, கணினியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர்களைப் பற்றியும், அவர்கள் நினைவுகூரப்படும் முறைகளைப் பற்றியும் கூறுகிறது. இந்நிறுவனம் 1946 பிப்ரவரி 11 அன்று "கணித மையம்" என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. 1983இல் பெயர் மாற்றம் பெற்றது. இப்பொழுது அது டச்சு மொழிப் பெயரின் சுருக்கமான சி.டபிள்யூ.ஐ என்றே பரவலாக அறியப்படுகிறது. மிகக் குறுகிய வழி காணும் படிமுறை, முதல் அல்கால் 60 நிரல்மாற்றிகளுள் ஒன்று, பைத்தான் நிரலாக்க மொழி ஆகியன இங்குத் தோன்றியவை.

பின்னணி

இரண்டாம் உலகப்போரில் பெரும் அழிவைச் சந்தித்த நெதர்லாந்தின் மீள்கட்டமைப்புக்குக் கணிதம் பயன்பட வேண்டும் என்ற நோக்கில் இம்மையம் நிறுவப்பட்டது. வான் டெர் கோர்ப்புட், டேவிட் வான் டான்ட்சிக், கோக்ஸ்மா, கிராமர்ஸ், மின்னார்ட், ஸ்கௌட்டன் ஆகியோர் இதன் நிறுவனர்கள் ஆவர். மையம் பல ஆண்டுகள் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் இயங்கியது.

1953 பிப்ரவரி 1 அன்று வடகடல் பொங்கியதால் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,800க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் கடற்கரைத் தடுப்பணைகளின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற வினாவை வான் டான்ட்சிக் தலைமையிலான புள்ளியியலாளர்கள் ஆராய்ந்தனர். அணையை உயர்த்த ஆகும் செலவையும், வெள்ளத்தால் நேரக்கூடிய இழப்பையும், அதன் நிகழ்தகவையும் ஒன்றாக வைத்துக் கணக்கிடும் முறை இங்கு உருவானது. வான் டான்ட்சிக் 1959இல் காலமானார்.

கணக்கிடும் பெண்கள்

மையத்தின் கணிப்புத் துறைக்கு 1947இல் ஆட்ரியான் வான் வைங்கார்டன் (1916–1987) தலைவரானார். அப்பொழுது அங்குக் கணினி எதுவும் இல்லை. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து, மேசைக் கணக்குப்பொறிகளைக் கொண்டு பெரிய கணக்கீடுகளை அவர் செய்வித்தார். வானூர்தி இறக்கைகளின் அதிர்வு, நீரோட்டம் முதலியவை தொடர்பான கணக்குகள் இவர்கள் கைவழியே தீர்க்கப்பட்டன. டச்சு மொழியில் இவர்கள் "கணக்கிடும் பெண்கள்" எனப் பொருள்படும் சொல்லால் அழைக்கப்பட்டனர்.

ஒரு கணக்கைச் சிறு படிகளாகப் பிரித்தல், ஒவ்வொரு படியின் விடையையும் சரிபார்த்தல், பிழை நேர்ந்த இடத்தைத் தேடிக் கண்டறிதல் ஆகியவை இவர்களது அன்றாடப் பணிகள். நிரலாக்கத்தின் அடிப்படைத் திறன்களும் இவையே. கணினிகள் வந்த பின்னர் இப்பெண்களுள் சிலர் நிரலாளராகவும் ஆயினர். எனினும், மையத்தின் வரலாற்றில் துறைத்தலைவரின் பெயர் நிலைத்த அளவுக்கு இவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. இன்று இவர்கள் பெரும்பாலும் ஒரு குழுவாகவே குறிப்பிடப்படுகின்றனர்.

முதல் கணினிகளை ஆக்கியோர்

மையத்தின் முதல் கணினியான ஆராவை காரல் ஷோல்ட்டன், பிராம் லூப்ஸ்ட்ரா ஆகிய இளைஞர்கள் உருவாக்கினர். மின்காந்த உணர்த்திகளால் ஆன இக்கணினி 1952இல் அமைச்சர் ஒருவர் முன்னிலையில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் அது நம்பத்தக்க வகையில் இயங்கவில்லை. அதனால், விடை சரியா தவறா என எவரும் கண்டுபிடிக்க இயலாத தற்போக்கு எண்களின் அட்டவணையை அச்சிடும் நிரலே விழாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது எனக் கூறப்படுகிறது.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய கெரிட் பிளாவ் இக்குழுவில் இணைந்தார். பழைய பொறியைச் செப்பனிடுவதைக் கைவிட்டு, புதிய வடிவமைப்பில் மற்றொரு கணினி அமைக்கப்பட்டது. அது 1953இன் இறுதியில் இயங்கத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து ஃபோக்கர் வானூர்தி நிறுவனத்துக்காக ஃபெர்ட்டாவும் (1955), மையத்தின் சொந்தப் பயன்பாட்டுக்காக ஆர்மாக்கும் (1956) உருவாயின.

பிளாவ் பின்னர் ஐ.பி.எம் நிறுவனத்தில் சேர்ந்து, 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 கணினிக் குடும்பத்தை வடிவமைத்தவர்களுள் ஒருவரானார். அவர் 2018இல் காலமானார். ஷோல்ட்டனும் லூப்ஸ்ட்ராவும், நாட்டின் முதல் கணினித் தயாரிப்பு நிறுவனமான எலக்ட்ரோலாஜிக்காவுக்குச் சென்றனர். அந்நிறுவனத்தின் எக்ஸ்1 கணினி 1958இல் வெளிவந்தது.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா (1930–2002) 1952இல் மையத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். அப்பொழுது அவர் லைடன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பயின்று கொண்டிருந்தார். நிரலாக்கம் மதிப்புள்ள ஓர் அறிவுத்துறை ஆகுமா என்ற ஐயம் அவரை வாட்டியது. 1955இல் அவர் இதைப் பற்றி வான் வைங்கார்டனிடம் பேசினார். கணினிகள் நிலைத்து நிற்கப் போகின்றன, அத்துறையை மதிப்புக்குரியதாக ஆக்குபவர்களுள் அவரும் ஒருவராகலாம் என வான் வைங்கார்டன் எடுத்துரைத்தார். இவ்வுரையாடலே தம் வாழ்வின் திருப்புமுனை என 1972ஆம் ஆண்டின் டூரிங் விருது உரையில் டைக்ஸ்ட்ரா நினைவுகூர்ந்தார்.

1957இல் டைக்ஸ்ட்ரா, மையத்தில் பணிபுரிந்த மரியா டெபெட்ஸை மணந்தார். திருமணப் பதிவில் தம் தொழில் நிரலாளர் என அவர் குறிப்பிட்டதை ஆம்ஸ்டர்டாம் நகர அதிகாரிகள் ஏற்கவில்லை. அப்படி ஒரு தொழிலே இல்லை என்பது அவர்கள் கூறிய காரணம். ஆகவே அப்பதிவில் அவர் கோட்பாட்டு இயற்பியலாளர் ஆனார்.

மையத்தில் அவர் ஆற்றிய முதன்மையான பணிகள் பின்வருமாறு:

• மிகக் குறுகிய வழி: ஆர்மாக் கணினியின் திறனைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக 1956இல் இதனை உருவாக்கினார். தம் வருங்கால மனைவியுடன் கடைத்தெருவுக்குச் சென்று, ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது சுமார் 20 நிமிடங்களில், தாளும் எழுதுகோலும் இன்றி இதனைச் சிந்தித்ததாக அவர் கூறியுள்ளார். விளக்கக் காட்சிக்கு நெதர்லாந்தின் 64 நகரங்கள் பயன்படுத்தப்பட்டன. 64 நகரங்களைக் குறிக்க 6 இருமங்கள் போதும் என்பது இதன் காரணம். இது 1959இல் வெளியிடப்பட்டது.
• இடையீடுகள்: எக்ஸ்1 கணினியில், வெளிக்கருவிகள் மையச் செயலகத்தின் பணியை இடைமறிப்பதைக் கையாளும் நிரலை எழுதினார். 1959இல் அவர் பெற்ற முனைவர் பட்டம் இவ்வாய்வுக்கு உரியது.
• அல்கால் 60 நிரல்மாற்றி: யாப் ஸோன்னெஃபெல்ட் உடன் இணைந்து எக்ஸ்1 கணினிக்காக எழுதினார். 1960 ஆகஸ்டில் இது இயங்கத் தொடங்கியது. பணி முடியும் வரை முகச்சவரம் செய்வதில்லை என இருவரும் முடிவு செய்திருந்தனர் என்றும், டைக்ஸ்ட்ராவின் தாடி அதன் பின்னரும் நிலைத்தது என்றும் சொல்லப்படுவதுண்டு.

ஒரு செயல்முறை தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் வசதி அல்கால் 60 மொழியில் இடம்பெற்றதிலும் ஆம்ஸ்டர்டாம் குழுவுக்குப் பங்குண்டு. 1960 பிப்ரவரியில், மொழியின் அறிக்கையைத் தொகுத்துக்கொண்டிருந்த பீட்டர் நவுரைத் தொலைபேசியில் அழைத்த வான் வைங்கார்டன், அறிக்கையில் ஒரு வாக்கியத்தைச் சேர்க்குமாறு கேட்டுக்கொண்டார். அவ்வாக்கியம் சேர்க்கப்பட்டது.

அல்கால் 68: ஆசிரியரும் மாணவரும்

1958இல் எடின்பரோவில் நேர்ந்த சாலை விபத்தில் வான் வைங்கார்டன் கடுமையாகக் காயமுற்றார். அவரது மனைவி உயிரிழந்தார். உடல் தேறிய பின்னர் அவரது கவனம் நிரலாக்க மொழிகளின்பால் திரும்பியது. மொழியின் இலக்கணத்தை வரையறுக்க அவர் வகுத்த ஈரடுக்கு இலக்கணம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1961 முதல் 1980 வரை அவர் மையத்தின் இயக்குநராக இருந்தார்.

ஈரடுக்கு இலக்கணத்தைக் கொண்டு வரையறுக்கப்பட்ட அல்கால் 68 மொழி, அதனை உருவாக்கிய பன்னாட்டுப் பணிக்குழுவையே பிளவுபடுத்தியது. 1962இல் மையத்தை விட்டு ஐந்தோவன் சென்றிருந்த டைக்ஸ்ட்ரா, 1968 டிசம்பரில் வெளியான எதிர்ப்பு அறிக்கையில் டோனி ஹோர், பிரையன் ராண்டெல் முதலியோருடன் கையொப்பமிட்டார். மொழி அளவுக்கு மீறிச் சிக்கலானது என்பதும், பெரிய நிரல்களை நம்பகமாக எழுதுவதற்கு அது துணை நில்லாது என்பதும் அவர்களது வாதத்தின் சாரம். தம்மை இத்துறைக்கு ஆற்றுப்படுத்தியவரின் வாழ்நாள் பணியை டைக்ஸ்ட்ரா வெளிப்படையாக மறுத்தார். எனினும், நான்கு ஆண்டுகளுக்குப் பின் டூரிங் விருது உரையில் அவர் அந்த உரையாடலை மறவாமல் குறிப்பிட்டார்.

பின்வந்த தலைமுறை

• லாம்பர்ட் மேர்ட்டன்ஸ்: கணினியால் இவர் இயற்றச் செய்த நால்வர் இசைக்கோவை 1968இல் எடின்பரோவில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் சிறப்புப் பரிசு பெற்றது. பின்னர், தொடக்கநிலைப் பயனர்களுக்கான ஏபிசி மொழியை லியோ கெர்ட்ஸ், ஸ்டீவன் பெம்பர்ட்டன் ஆகியோருடன் வடிவமைத்தார்.
• குயிடோ வான் ரோசம்: 1982இல் சேர்ந்து ஏபிசி குழுவிலும், பின்னர் அமீபா இயக்குதளக் குழுவிலும் பணியாற்றினார். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பைத்தானை எழுதத் தொடங்கி 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். வரித்தொடக்க இடைவெளியைக் கொண்டு கூற்றுகளைத் தொகுக்கும் முறை ஏபிசியிலிருந்து வந்தது. ஏபிசி பரவலாகவில்லை, அதன் கருத்துகள் பைத்தான் வழியே பரவின.
• பீட் பீர்ட்டெமா: 1984 ஏப்ரல் 1 அன்று, சோவியத் அரசு யூஸ்நெட்டில் இணைந்துவிட்டதாக ஒரு பொய்க் கடிதம் வெளியிட்டுப் பலரை ஏமாற்றியவர் என அறியப்படுகிறார். நெதர்லாந்தின் நாட்டுக்குறியான .என்.எல் 1986 ஏப்ரல் 25 அன்று நடைமுறைக்கு வந்ததும், 1988 நவம்பர் 17 அன்று மையம் அமெரிக்க இணைய வலையமைப்புடன் இணைந்ததும் இவரது உழைப்பால் நிகழ்ந்தவை.
• டேவிட் சாம்: 1980களில் மையத்தின் மறையீட்டியல் குழுவுக்குத் தலைமை வகித்தார். பயனரின் அடையாளத்தை வெளிப்படுத்தாத மின்பணத்துக்காக டிஜிகேஷ் நிறுவனத்தைத் தொடங்கினார். அது 1998இல் நொடித்துப்போனது.
• ஹெர்மன் டெ ரியலே: ஆண்ட்ரூ ஓட்லிஸ்கோவுடன் இணைந்து, மெர்ட்டன்ஸ் ஊகம் தவறு என 1985இல் நிறுவினார். 1999 ஆகஸ்டில் 155 இலக்க ஆர்.எஸ்.ஏ எண்ணைக் காரணிப்படுத்திய குழுவுக்குத் தலைமை ஏற்றார்.
• மார்ட்டின் கெர்ஸ்டன் (1953–2022): தரவுகளை நெடுவரிசைகளாகச் சேமிக்கும் மொனெட்டிபி தரவுத்தளத்தின் முதன்மை வடிவமைப்பாளர்.

நினைவுகூரல்

மையத்தின் 60ஆம் ஆண்டான 2006 முதல், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வான் வைங்கார்டன் விருது வழங்கப்படுகிறது. முதல் விருதை நான்சி லின்ச், பெர்சி டயாகோனிஸ் ஆகியோர் பெற்றனர். 2019இல் ஏற்படுத்தப்பட்ட டைக்ஸ்ட்ரா தகைமை முதலில் டேவிட் சாமுக்கும் குயிடோ வான் ரோசமுக்கும் வழங்கப்பட்டது. இருவருமே மையத்தின் முன்னாள் பணியாளர்கள் ஆவர்.

விருதுகளிலிருந்து வேறுபட்ட நினைவுச்சின்னம் ஒன்றும் உண்டு. மையத்தில் டைக்ஸ்ட்ராவுக்குப் பின் நிரல்மாற்றிப் பணியைத் தொடர்ந்தவர்களுள் ஒருவரான க்ரூஸ்மன் ஆரெட்ஸ், டைக்ஸ்ட்ராவும் ஸோன்னெஃபெல்டும் எழுதிய அல்கால் 60 நிரல்மாற்றியின் உள்ளமைப்பை விரிவாக விளக்கும் அறிக்கையை 2003இல் எழுதினார். மையம் அதனை வரலாற்றுக் குறிப்பாக வெளியிட்டது. 43 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட, எக்ஸ்1 கணினிகள் மறைந்ததால் பயன்பாடு அற்றுப்போன ஒரு நிரலை, அதை எழுதியோரின் எண்ணம் புலப்படும் வகையில் இவ்வறிக்கை பதிவு செய்தது.

ஆய்வாளர்களிடையேயான நட்பும் நூல்களில் பதிந்துள்ளது. ஷோல்ட்டனும் டைக்ஸ்ட்ராவும் மையத்தை விட்டுச் சென்ற பின்னரும் இணைந்து ஆராய்ந்தனர். பரவிய கணிப்பு ஒன்று முடிவடைந்ததைக் கண்டறியும் அவர்களது படிமுறை 1980இல் வெளியானது. நிரல்களின் பொருண்மையியல் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. டைக்ஸ்ட்ரா எண்ணிட்டு எழுதிவந்த 1,300க்கும் மேற்பட்ட கையெழுத்துக் குறிப்புகள், அவர் இறுதியாகப் பணியாற்றிய டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் உள்ளன. மையத்தின் பழைய ஆய்வறிக்கைகள் எண்ணிமமாக்கப்பட்டு, எவரும் படிக்கும் வகையில் வைக்கப்பட்டுள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

• டைக்ஸ்ட்ரா படிமுறை
• அல்கால்
• பைத்தான்
• டூரிங் விருது

பகுப்புகள்: கணினி அறிவியல் வரலாறு | நெதர்லாந்து | ஆய்வு நிறுவனங்கள்