கொம்பறைக் கணக்கு

ஆண்டு சித்திரையில் பிறப்பதாகப் பஞ்சாங்கம் சொல்லும். ஆனால் வன்னிக் கமக்காரனுடைய வரவு செலவைப் பொறுத்தவரையில், மாசி பங்குனியில் காலபோகத்துச் சூடு அடித்து முடிந்து, களவெட்டியிலிருந்து கடைசி வண்டி நெல் வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும் நாளே ஆண்டுப் பிறப்பு. உத்தியோகத்தனுக்கு மாதம் ஒருமுறை கை நிறைகிறது. அவன் ஒரு மாதத்தில் தவறினால் அடுத்த மாதத்தில் திருத்திக்கொள்ளலாம். கமக்காரனுக்கோ வரவு ஆண்டுக்கு ஒன்று, நீர் மிஞ்சிய ஆண்டுகளில் சிறுபோகமும் சேர்ந்தால் இரண்டு. அந்த ஒரு வரவை முந்நூற்றறுபத்தைந்து நாளைக்கும் பரப்பி வைக்கத் தெரிந்த குடும்பம் தலை நிமிர்ந்து வாழ்ந்தது. தெரியாத குடும்பம் புரட்டாதியிலேயே அயலவன் படலையைத் தட்டியது. சிக்கனம் என்னும் சொல்லைப் பட்டணத்தார் மாதக் கணக்கோடு சேர்த்துப் பேசுவதையே கேட்டுப் பழகிய நமக்கு, ஆண்டுக் கணக்காகச் சிக்கனம் செய்த ஒரு பிரதேசத்தின் சரித்திரம் சற்றுப் புதுமையாகத் தோன்றலாம்.

இலங்கையின் வடக்கேயுள்ள அவ்வன்னியில் அக்கராயன், கண்டி வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு மேற்கே திரும்பிச் சென்றால் வருகிற ஊர். அக்கராயன் என்னும் சிற்றரசன் பெயரால் ஊருக்கு இப்பெயர் வந்ததென்று ஊரார் சொல்வர். அரசன் எவ்வாறிருந்தானோ, ஊரை ஆள்வது குளமே. குளத்தில் நிற்கும் நீரை அடிக்கணக்கில் அளந்து, இந்த ஆண்டு சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். நீர் போதாதெனக் கண்டால் விதைப்பின் பரப்பைக் குறைத்து, நீர் எட்டுகிற வயலில் எல்லோரும் பங்கிட்டுச் செய்வார்கள். கையிருப்பு இவ்வளவு, செலவு இவ்வளவுக்கு மேற்படலாகாது என்று ஊரே கூடி நிர்ணயிக்கிற வழக்கம் இருக்கிற இடத்தில், வீட்டு வரவு செலவும் அதே நியாயத்தைப் பின்பற்றியதில் வியப்பில்லை.

குளத்துக்கு அணைக்கட்டு எப்படியோ, வீட்டுக்குக் கொம்பறை அப்படி. வளையக்கூடிய காட்டுத்தடிகளைக் கூடை பின்னுவதுபோல் பின்னி, களிமண்ணும் சாணமும் குழைத்து மெழுகி, ஈரமும் எலியும் அணுகாதபடி தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தி, மேலே கூரை வேய்ந்த அந்த நெற்கூட்டை, நல்ல நாள் பார்த்து நிரப்புவார்கள். நிரப்புமுன்னரே பிரித்து வைக்க வேண்டியவை சில உண்டு. ஏக்கருக்கு இரண்டு மூன்று புசல் வீதம் விதைநெல் முதலில் தனியே போகும், அதன்பின் கோயிலுக்கும், புது அரிசிப் படையலான புதிருக்கும், வேலை செய்தவர்களுக்கும் உரிய பங்குகள், அதன்பின் கடன். எஞ்சியதே சோற்றுக்கு. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ அரிசி என்று கொண்டால் ஆண்டுக்கு 730 கிலோ. நெல்லில் மூன்றிலொரு பங்கு உமியும் தவிடுமாய்க் கழிந்துவிடுவதால் அதற்கு 1,100 கிலோ நெல் வேண்டும். புசலுக்கு 21 கிலோ என்றால் ஏறத்தாழ 52 புசல். ஆண்டுக்கு 52 கிழமை. ஆகக் கிழமைக்கு ஒரு புசல். எழுத்தறியாத ஆச்சிமார் இந்தக் கணக்கைக் கொப்பியில் எழுதியதில்லை. கிழமைக்கு ஒருமுறை ஒரு புசல் அவித்துக் காயவைப்பது என்ற வழக்கத்திலேயே கணக்கு முழுவதும் அடங்கிவிட்டது. விளக்கு வைத்த பின் கொம்பறையில் கைவைக்கலாகாது என்ற விலக்கை மூடநம்பிக்கை என்று நகைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: இருட்டில் அள்ளிய நெல்லுக்கு அளவு கிடையாது.

உலையில் இடுகிற அரிசியைச் சுண்டு என்னும் அளவையால் அளந்தபின், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் போட்டுவிடுவது மற்றொரு வழக்கம். பிடியரிசி எனப்படும் அந்தப் பானை வீட்டுக்காரன் கண்ணில் படுவதில்லை. விருந்தாளி வந்த இரவில், அல்லது கொம்பறையின் அடி தெரியத் தொடங்கும் மார்கழியில் அது தானாக வெளிப்படும். விருந்தாளிக்குக் குறைத்துச் சிக்கனம் செய்கிற பழக்கம் வன்னியில் இருந்ததில்லை. அக்குறைப்பு முழுவதையும் வீட்டுப் பெண்கள் தங்கள் கலத்திலேயே செய்துகொண்டார்கள். வீட்டுச் சிக்கனத்தைப் புகழ்ந்து பேசுகிற நம்மவர் இந்த இடத்தை மட்டும் விரைவாகக் கடந்து போவது நெடுநாளைய வழக்கம்.

கறிக்குக் காசு செலவானது குறைவு. புளி உப்பிட்டுப் பானையிலும், மோர்மிளகாயும் வடகமும் வெயிலில் உலர்ந்து பெட்டியிலும், ஒடியலும் புழுக்கொடியலும் உறியிலும் இருந்தன. குளத்து விராலும், பின்னாளில் குளங்களில் விடப்பட்டுப் பெருகிய, ஊரார் யப்பான் மீன் என்று அழைத்த திலாப்பியாவும் தூண்டிலுக்கு அகப்பட்டன. காட்டில் தேனும், வெயில் காலத்தில் பாலைப்பழமும் வீரைப்பழமும் கிடைத்தன. இறைச்சியை வத்தலாக்கித் தேனில் ஊறவைத்துப் பாதுகாத்த பழைய வன்னியாரின் சாமர்த்தியத்தை இன்றும் முதியவர்கள் நாவூறச் சொல்வார்கள். ஆகவே கடைக்குப் போகவேண்டிய பொருள்கள் உப்பு, மண்ணெண்ணெய், சீலை, சீனி, தேயிலை, தீப்பெட்டி என்று விரல்விட்டு எண்ணத் தக்கவையே. ஆண்டுச் சிக்கனம் எனப்பட்டது இந்தச் சிறு பட்டியலை நீளவிடாமல் காப்பதாகும்.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தை ஒட்டி வறண்ட பிரதேசங்களில் குடியேற்றங்கள் தொடங்கியபின், யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் வேறொரு வகைச் சிக்கனத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். தோட்டக் கிணற்றடியில் துளித் துளியாய் நீர் இறைத்துப் புகையிலைக்கும் மிளகாய்க்கும் பாய்ச்சிப் பழகிய அவர்களுக்குக் காசுக் கணக்கு கைவந்திருந்தது. நெல்லைச் சோறாக மட்டும் பாராமல் விலையாகவும் பார்த்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அரசாங்கம் நெல்லுக்குப் புசல் ஒன்றுக்கு 12 ரூபா உத்தரவாத விலை கொடுத்தது. அதே அரசாங்கம் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கொத்து அரிசியை 25 சதத்துக்கு விற்றது. ஒரு புசல் நெல்லில் தேறுவது ஏறத்தாழ 15 கொத்து அரிசி. கூப்பனில் அதன் விலை நான்கு ரூபாவுக்கும் குறைவு. தன் நெல்லை விற்றுவிட்டுக் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி வாங்கி உண்பதே இலாபம் என்று சிறு பிள்ளையும் கணித்துவிடலாம். அவ்வாறு செய்தவர்களும் இருந்தார்கள். 1953 இல் கூப்பன் அரிசியின் விலை கொத்துக்கு 70 சதமாக உயர்ந்து, ஆகஸ்ட் 12 ஆம் நாள் நாடு முழுவதும் ஹர்த்தால் நடந்து, பிரதம மந்திரி டட்லி சேனநாயக்க பதவி துறந்தபோது, கொம்பறையை அழியாமல் வைத்திருந்தவன் தன் பழமையைப் பற்றி வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

1970 இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் நாட்டின் பிற பகுதிகளில், விசேஷமாக மலையகத் தோட்டங்களில், பாணுக்கும் அரிசிக்கும் மக்கள் வாடியபோது, வடக்கின் செத்தல் மிளகாய் பொன்னாயிற்று. வீடுகள் கல்வீடாயின, உழவு இயந்திரங்கள் வந்தன, கடைப் பட்டியல் நீண்டது. 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதிக் கதவு திறந்ததும் மிளகாய் விலை சரிந்தது. நீண்ட பட்டியல் மாத்திரம் அப்படியே நின்றது. செழிப்பு ஏழு ஆண்டு. அதில் பழகிய செலவைக் குறைக்க அதைவிட நீண்ட காலம் பிடித்தது.

ஆயினும் அக்கராயனின் சிக்கனம் பரீட்சிக்கப்பட்டது அதற்குப் பின்னரே. 1990 ஜூனில் அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே யுத்தம் மீண்டும் மூண்டதிலிருந்து, பெற்றோல், மின்கலம், மெழுகுதிரி, சவர்க்காரம், சீமெந்து, யூரியா என்று எத்தனையோ பொருள்கள் வடக்கே போகாமல் தடுக்கப்பட்டன அல்லது அளந்து அனுப்பப்பட்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து, அதில் ஒரு பெரும் பகுதி கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குள் வந்தது. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபோது, அந்நகரத்து மக்களும் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமாக ஒதுங்கினார்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியும் அக்கராயனுக்கு இடம்பெயர்ந்து இயங்கியது. ஒரு குளத்தை நம்பியிருந்த ஊர் ஒரு நகரத்தைச் சுமக்க நேர்ந்தது. கொம்பறை இருந்த வீட்டு வளவுகளில் கொட்டில்கள் எழுந்தன. நிவாரண அட்டையோடு சங்கக் கடையின் முன் வரிசை நீண்டது.

அக்காலத்து விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. வெறுமையான ஜாம் போத்தல் ஒன்றின் அடியில் சிறிது பஞ்சை இட்டு, அப்பஞ்சு நனையும் அளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றைக் கம்பியில் கோத்து உள்ளே நிறுத்துவார்கள். போத்தலின் வாயே புகைபோக்கியாகவும் அதன் சுவரே காற்றுத் தடுப்பாகவும் அமைய, சுடர் நெல்மணியளவில் நின்று எரியும். தேக்கரண்டிக் கணக்கில் விட்ட எண்ணெயில் பிள்ளைகள் அதைச் சுற்றி அமர்ந்து பாடம் படித்தார்கள். எண்ணெய் சிந்தினாலும் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும். கைதவறி விழுந்தாலும் தீ பரவாது. எந்தப் பொறியியலாளனும் வரைந்து கொடுக்காத இந்தச் சாதனத்தைப் போன்று சிக்கனமானதொன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் மின்சாரம் எடுத்து வானொலிச் செய்தி கேட்டார்கள். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தார்கள். அழுக்குப் போயிற்று, ஆனால் கொடியில் உலர்ந்த சேட்டின் இனிய வாசனையில் மயங்கி மாடு அதைச் சப்பிவிடும் என்பதால் காவலுக்கு ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. சீனி இல்லாத தேநீருக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டார்கள். யூரியா இல்லாத வயலுக்குக் குழையும் எருவும் போட்டார்கள். விளைச்சல் குறைந்தது என்பதையும் மறைக்கலாகாது. இவற்றையெல்லாம் இன்று சிலர் பொற்காலம் போல் வர்ணிக்கிறார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து போதாமல் கிடந்த பிள்ளையின் தாய் அவ்வாறு வர்ணிக்கமாட்டாள். தானாக மேற்கொண்ட சிக்கனம் வேறு. கழுத்தில் கைவைத்துக் கற்பித்த சிக்கனம் வேறு.

2002 ஜனவரியில் பொருளாதாரத் தடை நீங்கியது. ஏப்ரலில், மூடிக்கிடந்த கண்டி வீதி திறந்தது. 2008 இறுதியில் போர் மறுபடியும் அக்கராயனைக் கடந்தபோது, விதைநெல்லையும் விட்டுவிட்டு ஊர் கிழக்கே நடந்தது. போர் முடிந்த முள்ளிவாய்க்காலும் அதன்பின் முகாம்களும் கழிந்து திரும்பியவர்களுக்குக் கூரைத் தகரமும் மண்வெட்டியும் கிடைத்தன. அவற்றோடு, கையெழுத்துப் போட்டவுடன் கடன் கொடுக்கிற கொம்பனிகளும் ஊருக்குள் வந்தன.

முன்னாளில் விதைப்புக் காசுக்கு ஐப்பசியில் நகையை அடைவு வைத்து, மாசியில் நெல் விற்று மீட்பார்கள். வட்டி கடுமையானாலும் தவணை அறுவடையோடு ஒத்திருந்தது. நுண்கடன் எனப்படுகிற புதிய கடனுக்கோ கிழமைக்குக் கிழமை காசு கட்டவேண்டும். வயலில் பயிர் முழங்காலளவு நிற்கும் கார்த்திகையில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டுப் பெண் எந்த நெல்லை விற்றுக் கட்டுவாள்? ஒரு கடனைத் தீர்க்க இன்னொரு கடன், அதைத் தீர்க்க மூன்றாவது என்று அடுக்கியவர்கள், செலவாளிகளாய் இருந்து கெட்டவர்களல்லர். ஆண்டுக்கு ஒருமுறை வரும் வரவை வைத்துக்கொண்டு, ஆண்டில் ஐம்பத்திரண்டு முறை கேட்கிற கடனில் அகப்பட்டவர்கள். வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரை பெற்று, கட்டமுடியாமற்போன பெண்களின் நுண்கடனை நீக்க 2018 இல் அரசாங்கமே முன்வர நேர்ந்தது.

கொம்பறையும் இதற்கிடையில் மறைந்துவிட்டது. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைக் கொட்டுகிறது. வரம்பில் நிற்கும் லொறிக்கு ஈரம் காயாத நெல்லை, எல்லோரும் விற்கிற நாளில், எல்லாவற்றிலும் மலிந்த விலைக்கு விற்றுவிட்டு, அதே மனிதன் ஆவணியில் கடை அரிசியைக் கிலோக் கணக்கில் வாங்குகிறான். 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, 2022 செப்டெம்பரில் உணவுப் பொருள் விலையேற்றம் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை எட்டியபோது, தெற்கே எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருந்த வன்னியார், விறகடுப்பை மூட்டிக்கொண்டு, இது எங்களுக்குப் புதிதல்ல என்று சொன்னார்கள். சொன்னது மெய்தான். ஆனால் முன்பு அவ்வாறு சொன்னபோது வீட்டில் 52 புசல் நெல் இருந்தது.

பழைய கொம்பறையை மீண்டும் பின்னிக்கொள்ளுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. பின்னத் தெரிந்த கைகளும் அருகிவிட்டன. கமக்காரக் குடும்பத்துக்குக் கடன் கொடுக்க முன்வருகிற வங்கியாரும் கொம்பனியாரும் சங்கத்தாரும், தவணை நாளைத் திங்கட்கிழமைதோறும் வையாமல் மாசி மாதத்தில் வைத்துக் கொடுப்பார்களாக.