மோட்டார் சைக்கிளும் மயிலாப்பூர்ப் பேரமும்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கத்தரிக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் கால்மணி நேரம் வாதாடி, இறுதியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையையாவது கொசுறாகப் பெற்றாலன்றி வீடு திரும்பாத ஜனங்கள், இலட்ச ரூபாய் பெறுமானமுள்ள மோட்டார் சைக்கிளை வாங்கப் போகும்போது மட்டும் நீட்டிய காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு மௌனமாக வெளியேறுவது ஏன் என்று கேட்டால், நம்மவரின் கூச்ச சுபாவத்தைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் திருப்தியளிக்கவில்லை. காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. இந்த நகரத்தில் இயந்திர வாகனத்துக்குப் பேரம் பேசும் சந்தர்ப்பமே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஜனங்களுக்கு வாய்க்கவில்லை.

மௌண்ட் ரோடு என்று நம் முன்னோர் அறிந்திருந்த அண்ணா சாலையில் மோட்டார் வியாபாரம் குதிரை வண்டிப் பட்டறைகளிலிருந்து பிறந்தது. 1840இல் ஏற்பட்ட சிம்ப்சன் கம்பெனி முதலில் கோச்சு வண்டிகளைக் கட்டியது. அங்கே பணிபுரிந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து சென்னை வீதிகளில் ஓட்டிக் காட்டினார். 1873இல் தொடங்கிய ஆடிசன் கம்பெனியோ சீமையிலிருந்து மோட்டார் வாகனங்களைத் தருவித்து விற்றது. இந்த ஸ்தாபனங்களும், இவற்றின் அண்டையில் இருந்த ஸ்பென்ஸர், வைட்அவே லெய்ட்லா போன்ற பெருங்கடைகளும் ஆங்கிலேய சம்பிரதாயப்படி விலைச்சீட்டு ஒட்டி விற்றவையாதலால், அங்கே போய் விலையைக் குறைத்துக் கேட்பது கேட்பவருடைய கௌரவத்துக்கே இழுக்கு என்று கருதப்பட்டது. கொத்தவால் சாவடியில் அரையணாவுக்குச் சளைக்காமல் போராடிய அதே வக்கீல், மௌண்ட் ரோட்டுக் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் பரம சாதுவாக மாறினார். வெள்ளைக்காரன் கடையில் வாய் திறவாதிருத்தலை நாகரிகத்தின் லட்சணமாக நாம் பயின்றது அந்தக் காலத்தில்தான்; கடைகள் கைமாறிய பின்னும் அந்தப் பயிற்சி நம்மை விட்டுப் போகவில்லை.

1920களில் மாம்பலத்து நெட்டேரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கியபோது, கோட்டைக்கும் ஹைகோர்ட்டுக்கும் உத்தியோகத்துக்குப் போகும் மனிதர்கள் நகரின் தெற்கே வெகுதூரம் பரவினார்கள். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில் மாம்பலத்தாருக்கு உதவியது. மயிலாப்பூராருக்கு லஸ் வரை வந்த டிராம் உதவியது. அந்த டிராம் 1953 ஏப்ரலில் அடியோடு நின்றுபோயிற்று. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1955இல், கே. ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் கூட்டாகச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தன. எல்லைக் காவலுக்கென்று இந்திய ராணுவம் புல்லட் வண்டிகளை விரும்பியதே இந்தக் கூட்டுக்கு மூலகாரணம். திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முதலில் சீமைப் பாகங்களைப் பூட்டியும், பிறகு பாகங்கள் அனைத்தையும் இங்கேயே செய்தும் புல்லட் உற்பத்தியாயிற்று. தாய்க் கம்பெனி 1970வாக்கில் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னும் சென்னையில் அந்த வண்டி தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. ஆயினும் அது சிப்பாயின் வாகனமாகவும் போலீஸ்காரரின் வாகனமாகவும் பிரசித்தி பெற்றதேயன்றி, டிராமை இழந்த குமாஸ்தாவின் வீட்டு வாசலுக்கு எளிதில் வந்து சேரவில்லை. அவர் ஆசைப்பட்டது ஸ்கூட்டருக்கு.

இங்கேதான் விசித்திரம் தொடங்குகிறது. லைசென்ஸ் பெற்ற சில கம்பெனிகள், லைசென்ஸில் கண்ட அளவுக்கு மேல் உற்பத்தி செய்யலாகாது என்று இருந்த காலம் அது. 1960இல் மத்திய சர்க்கார் ஸ்கூட்டர் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் ஒரு கட்டுப்பாட்டு உத்தரவே பிறப்பித்தது. வியாபாரி பதிவேடு வைத்து வரிசைப்படிதான் விற்க வேண்டும். விலையும் அவர் இஷ்டப்படியன்று. முன்பணத்தைத் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டு, பாஸ் புத்தகத்தை ஈடாகக் கொடுத்துவிட்டு, பஜாஜ் ஸ்கூட்டருக்காகப் பத்தாண்டு வரை காத்திருந்தவர்கள் தேசமெங்கும் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அந்நியச் செலாவணி அனுப்பினால் வரிசையைத் தாண்டி வண்டி கிடைக்கும் என்ற சலுகை வந்தபோது, வளைகுடாவில் மைத்துனன் இருப்பது குடும்பத்துக்குப் பெரும் பாக்கியமாயிற்று. அலாட்மெண்ட் கைக்கு வந்ததும் அதை அப்படியே இன்னொருவருக்குக் கூடுதல் தொகைக்குத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. ஆகவே பேரம் அக்காலத்தில் இல்லாமல் போகவில்லை. அது தலைகீழாக நடந்தது. விலையை எவ்வளவு குறைப்பது என்பதன்று, சர்க்கார் விலைக்கு மேல் எவ்வளவு கொடுப்பது என்பதே பேச்சு. வரதட்சிணையை 1961ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்த பிறகும் மாப்பிள்ளை வீட்டார் ரொக்கத்தைவிட ஸ்கூட்டரை அதிகம் வற்புறுத்தியதன் மர்மம் இந்தப் பிளாக் விலைதான் என்பது என் அபிப்பிராயம்.

பணத்துக்கு என்ன வழி என்பதும் இந்த வரலாற்றைச் சேர்ந்ததே. மயிலாப்பூரில் 1872இலேயே தோன்றிய இந்து பெர்மனெண்ட் ஃபண்டு போன்ற நிதிகள் நகையின் பேரில் கடன் கொடுத்து வந்தன. சாதாரணக் குடும்பத்துக்குத் தவணை முறையைப் பழக்கியவர்களில் முக்கியமானவர் வி. ஜி. பன்னீர்தாஸ். அவருடைய கடை அமைந்த விக்டரி ஹவுஸ், ஒரு காலத்தில் கறார் விலைக்குப் பேர்போன வைட்அவே லெய்ட்லாவின் கட்டடம். இடையில் அது சுதேசமித்திரன் பத்திரிகையின் இருப்பிடமாகவும் இருந்தது. தவணை வந்ததும் வாங்குபவரின் கவனம் மொத்த விலையிலிருந்து மாதாமாதம் கட்ட வேண்டிய தொகைக்குத் தாவிவிட்டது. அந்தத் தாவலால் லாபமடைந்தவர் வாங்கியவர் அல்லர்.

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. 1984இல் அதே ஓசூரிலிருந்து இந்த்-சுசுகியும், மறு ஆண்டில் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100, யமஹாவின் ஆர்.எக்ஸ். 100 ஆகியவையும் வந்து இறங்கின. ஜப்பானியக் கூட்டுறவை சர்க்கார் அனுமதித்ததன் பயன் சில வருஷங்களுக்குள் தெரிந்தது: பதிவேட்டைப் புரட்டிய வியாபாரி வாசலுக்கு வந்து காப்பி கொடுத்து உபசரிக்கலானார். (அந்த ஆர்.எக்ஸ். 100 பழைய வண்டியாக இன்று அதன் ஆதி விலையைக் காட்டிலும் பன்மடங்குக்கு விற்பதைப் பார்த்தால், பிளாக் விலை நம்மை விட்டு முற்றிலும் போய்விடவில்லை என்றும் சொல்லலாம்.) வாங்குபவன் எஜமானனாகிவிட்ட இந்தப் புதுக் காலத்திலும் நம் ஜனங்கள் வரிசையில் நின்ற தலைமுறையின் பணிவோடேயே ஷோரூமுக்குள் நுழைந்தார்கள்.

நாள் பார்க்கும் வழக்கமும் இந்தப் பணிவுக்குத் துணையாயிற்று. ஆடியிலும் மார்கழியிலும் புது வண்டி எடுப்பதில்லை. ஆயுத பூஜையன்று எடுக்க வேண்டும். எடுத்த கையோடு பல்லவன் சாலையில் பாடிகார்ட் முனீஸ்வரர் சந்நிதிக்குக் கொண்டுபோய், மாலை சாத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்க வேண்டும். இதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஊரே திரண்டு வரும் நாளில் எந்த வியாபாரியும் விலை இறக்கமாட்டார் என்பதையும், கம்பெனிக்கு மாதக் கணக்கை முடித்துக் காட்ட வேண்டிய கடைசி வாரத்திலும், உற்பத்தி வருஷம் மாறினால் மதிப்புக் குறையுமே என்று சரக்கைத் தள்ளும் டிசம்பரிலும் அவருடைய மனம் இளகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பணத்தை ஆடியிலோ மார்கழியிலோ பேசிக் கட்டிவிட்டு, வண்டியை ஆவணியிலோ தையிலோ எடுப்பது சாஸ்திரத்துக்கும் விரோதமன்று.

இன்று தி. நகரிலோ அடையாறிலோ ஷோரூமில் எழுதிக் கொடுக்கும் கொட்டேஷன் தாளைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதல் வரியில் எக்ஸ் ஷோரூம் விலை. அது கம்பெனி நிர்ணயித்தது; அதன் மேல் வாதாடிப் பெரிய பிரயோஜனமில்லை. 2025 செப்டம்பர் 22இல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தபோது, எந்தப் பேரத்தாலும் கிட்டாத தள்ளுபடி ஒரே நாளில் கிட்டியது. 349 சி.சி. புல்லட் அந்த எல்லைக்குள் ஒரு மயிரிழையில் தப்பியது. அதைவிடப் பெரிய வண்டிகளுக்கு வரி 40 சதவீதமாயிற்று. இரண்டாவது வரி ஆயுள் வரி: 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரையுள்ள வண்டிக்கு 10 சதவீதமும் அதற்கு மேற்பட்டதற்கு 12 சதவீதமும். இதுவும் பேரத்துக்கு அப்பாற்பட்டது.

வியாபாரியின் சாமர்த்தியமெல்லாம் அதற்குக் கீழே உள்ள வரிகளில் இருக்கிறது, ஏனெனில் வண்டியில் அவருக்கு நிற்பதைவிட இவற்றில் நிற்பதே ருசியான வருமானம். இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பர் முதல் புது இரு சக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். அதன் கட்டணம் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். சொந்தச் சேதத்துக்கான பகுதியில்தான் ஏற்றத்தாழ்வு. அதை வெளியே நம் இஷ்டப்பட்ட கம்பெனியில் எடுக்கத் தடையில்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு தொகை இருக்கும். அது வரியுமன்று, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும் கட்டணமுமன்று. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ் என்ற தலைப்பில் சாரி கார்டுக்கு விலை போட்டிருந்தால், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் பாதுகாப்பு இல்லாமல் வண்டியை உற்பத்தி செய்யவே கூடாது என்று 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்வதை எடுத்துக் காட்டலாம். ஹெல்மெட்டும் அப்படியே, வண்டி விற்கும்போது தயாரிப்பாளர் அதைக் கொடுக்க வேண்டும் என்பது 138ஆம் விதி. சட்டம் கொடுக்கச் சொன்னதைத் தயவு பண்ணிக் கொசுறாகக் கொடுப்பதுபோல் கொடுத்து, நாமும் மனம் குளிர்ந்து நன்றி சொல்லிவிட்டு வருகிறோம்!

ஆகையால் புது வண்டி வாங்கப் போகும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மொத்தத் தொகையைக் கேட்டுத் தலையசைக்காமல், ஒவ்வொரு வரியையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள், குறைந்தது இரண்டு டீலரிடமாவது அப்படி வாங்கி ஒப்பிடுங்கள், ரசீதில் எழுத மறுக்கும் எந்தத் தொகையையும் கொடுக்காதீர்கள்.